மெட்டல் ஃப்ரேம் கூலிங் கிளாஸ் வாங்கும் வரிசை: மூக்கு முதலில், பிராண்டு கடைசியில்

டிசைனர் கூலிங் கிளாஸ் வாங்கப் போகும் பெண்களில் பெரும்பாலானோர் பிராண்டில் தொடங்குகிறார்கள். அடுத்து வடிவம், பிறகு நிறம். மூக்கைப் பற்றிய யோசனை பணம் கட்டி வெளியே வந்து, வியர்த்து, கண்ணாடி வழுக்கத் தொடங்கும்போதுதான் வருகிறது. பிளாஸ்டிக் ஃப்ரேமில் இந்த வரிசை ஓரளவு ஓடிவிடும். மெட்டலில் ஓடாது. எடையில் பெரும்பகுதி மூக்கில் படியும் இரண்டு சின்ன நோஸ் பேடின் மேல் உட்காருகிறது, உலோகம் நேராகத் தோலைத் தொடுகிறது. மும்பை மாதிரி வருஷத்தில் முக்கால்வாசி நாள் வியர்க்கும் ஊரில், அதுவும் கடல் காற்றில், தவறான தேர்வு ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்து நிற்கும்.

எனவே அளவு, உலோகம், லென்ஸ், பொருத்தம், பிராண்டும் பில்லும் என்ற வரிசையில் போங்கள். பராமரிப்பு கடைசியில் வருகிறது.

1. கிளம்புமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஏற்கெனவே வசதியாக இருக்கும் பழைய கண்ணாடி ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், பவர் கண்ணாடியானாலும் சரி. மி.மீ. கோடு போட்ட சின்ன ஸ்கேல் ஒன்று வேண்டும். பவர் போடும் எண்ணம் இருந்தால் புதிய கண் பரிசோதனைச் சீட்டு, அதில் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரமும் எழுதியிருக்க வேண்டும். கடைகளில் இதைப் பி.டி. என்பார்கள். பல சீட்டுகளில் இந்த இடம் காலியாகவே இருக்கும், பரிசோதனையின்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வழக்கமாக வெளியே போகும் அலங்காரத்திலேயே கடைக்குப் போங்கள். ஜிமிக்கியோடு மாட்டல் போடுபவர்களுக்குக் காதின் மேல்புறம் ஏற்கெனவே ஒரு சங்கிலி ஓடுகிறது. கண்ணாடியின் பக்கக் கம்பியும் அதே இடத்தில் உட்கார வேண்டும். கழற்றும்போது இரண்டும் சிக்கி இழுபடும். மூக்கின் மேல் இரண்டு குறுக்குக் கம்பி (இரட்டைப் பாலம்) வைத்த ஏவியேட்டர் வடிவத்தில் மேல் கம்பி சரியாகப் பொட்டு இடும் உயரத்தில் வரும். குங்குமம் என்றால் கம்பியில் ஈஷும், ஸ்டிக்கர் பொட்டு என்றால் கண்ணாடியோடு கழன்று வரும். வெறும் நெற்றியோடு போட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இன்னொரு கேள்விக்கு வீட்டிலேயே பதில் கண்டுபிடித்து வையுங்கள்: கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறதா? ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் தோல் சிவக்கிறதா? ஆம் என்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் படியில் இது முடிவையே மாற்றும்.

2. பக்கக் கம்பியில் உள்ள எண்களைப் படியுங்கள்

பக்கக் கம்பியின் உள்பக்கத்தில் 58, ஒரு சின்னச் சதுரம், 14, பிறகு 140 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். மும்பைக் கடைகளில் இந்தக் கம்பியை டண்டி என்பார்கள். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள பாலம், மூன்றாவது கம்பியின் நீளம். எல்லாம் மி.மீ. கணக்கு. சில மாடல்களில் பாலத்தின் உள்பக்கத்திலோ நோஸ் பேடுக்கு அருகிலோ இந்த எண் இருக்கும்.

பழைய கண்ணாடியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். கூலிங் கிளாஸ் கொஞ்சம் பெரிதாக இருப்பது இயல்பு, லென்ஸ் அகலம் 4, 5 மி.மீ. கூடினால் பரவாயில்லை. அதற்கு மேல் போகும்போது முழு அகலத்தை அளக்க வேண்டும். ஸ்கேலை வைத்து ஒரு கீலிலிருந்து மறு கீல் வரை அளந்து, பழையதோடு ஒப்பிடுங்கள். எண்ணில் ஒன்றாக இருந்தும் கீல் வெளியே தள்ளி அமைந்த மாடல்கள் முகத்தில் அகலமாக உட்காரும்.

பாலத்தின் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் ஃப்ரேமில் அது மாற்ற முடியாத அளவு. மெட்டலில் நோஸ் பேடைத் தாங்கும் மெல்லிய கம்பியை உள்ளேயும் வெளியேயும் வளைக்கலாம். மூக்குத் தண்டு தாழ்ந்தவர்களுக்கு மெட்டல் ஃப்ரேம் சுலபமாக அமைவதற்குக் காரணம் இதுதான். ஆனால் பேட் இல்லாமல் பாலத்தையே மூக்கில் உட்கார வைக்கும் பழைய பாணி மெட்டல் வட்டங்களும் உண்டு. அவற்றில் வளைக்க எதுவும் இல்லை. முதல் முறை வாங்குபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

3. எந்த உலோகம் என்று கேளுங்கள்

"மெட்டல்" என்பது பதிலே இல்லை. கடைக்காரரிடம் எந்த உலோகம் என்று கேட்டு, பெட்டியிலோ கம்பியிலோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மோனல் என்பது நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை, நிக்கல்தான் பெரும்பங்கு. வளைக்க எளிது, பற்றவைக்க எளிது, அதனால் விலையுயர்ந்த ஃப்ரேம்களிலும் நிறையப் புழங்குகிறது. மேலே உள்ள பூச்சு தேய்ந்த பிறகு சிக்கல் தொடங்கும். வியர்வை செம்போடு சேர்ந்து பேடின் அடியில் பச்சையாகப் படியும், நிக்கல் தோலைத் தொடும். வாங்கிய புதிதில் ஒன்றும் செய்யாத கண்ணாடி பல மாதம் கழித்து மூக்கில் அரிப்பு கொடுப்பதன் காரணம் இதுவே. புதிய சோப்பையும் கிரீமையும் சந்தேகித்துக்கொண்டே காலத்தை ஓட்டுபவர்கள் பலர்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பொதுவாகக் கொஞ்சம் நிக்கல் உண்டு, ஆனால் அது எளிதில் வெளியே வராது. லேசான ஒவ்வாமை உள்ளவர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள். துருப்பிடிக்காது, மெல்லிய தகடாக வெட்டலாம். விலைக்கும் உழைப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் மும்பைக்கு இதுதான் நடுநிலையான தேர்வு.

டைட்டேனியம் எஃகை விட ஏறக்குறைய 40 சதவீதம் லேசு, வியர்வைக்கு அசையாது, சுத்த டைட்டேனியத்தில் நிக்கல் இல்லை. கம்பிகளுக்குப் பீட்டா டைட்டேனியம் என்ற வளைந்து கொடுக்கும் வகையைப் போடுவார்கள். இதில் ஏமாறுவது எங்கே என்றால், லென்ஸைத் தாங்கும் முகப்பு மட்டும் டைட்டேனியமாகவும் கம்பி வேறு கலவையாகவும் இருக்கும் மாடல்களில். ஒவ்வாமை உள்ளவர்கள் முகப்பு, கம்பி, பேடைத் தாங்கும் கம்பி மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அலுமினியம் லேசு, ஆனால் முகத்துக்கு ஏற்ப வளைக்க ஒத்துழைக்காது. துத்தநாகக் கலவை வார்ப்புகள் அலங்கார வேலைப்பாட்டுக்கு அழகு, உடைந்தால் ஒட்டவைப்பது வீண்.

காந்தம் வைத்துப் பார்ப்பது பயன் தராது. டைட்டேனியமும் ஒட்டாது, பல வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. அப்புறம் எதை எதிலிருந்து பிரித்தறிவது? நிக்கல் வெளியாகிறதா என்று அறிய, டைமெத்தில்கிளையாக்ஸிம் திரவம் கொண்ட சோதனைப் பெட்டி கிடைக்கிறது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஐரோப்பாவில் தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருள்களுக்கு வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம் என்று நிக்கல் கசிவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் அடங்கிய ஃப்ரேமும் பூச்சு உரிந்த பிறகு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

4. லென்ஸ்: இருட்டு வேறு, பாதுகாப்பு வேறு

லென்ஸ் கறுப்பாக இருந்தால் வெயிலைத் தடுக்கும் என்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. கறுப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளும் பூச்சும். தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, ஒன்றும் போடாததை விட மோசமாகவும் ஆகலாம். இருட்டில் கண்மணி விரியும், விரிந்த வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். யுவி 400 என்று இருந்தால் 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கிறது என்று பொருள்.

அடுத்து வகை எண். 0 முதல் 4 வரை உண்டு, கம்பியில் அளவு எண்களுக்குப் பின்னால் தனியாக ஓர் எண்ணாக இருக்கும். வகை 1 ஒளியில் 43 முதல் 80 சதவீதம் வரை விடும், வகை 2-இல் 18 முதல் 43, வகை 3-இல் 8 முதல் 18, வகை 4-இல் 3 முதல் 8. மும்பையின் மார்ச், ஏப்ரல், மே மதியங்களுக்கு வகை 3. மேகம் மூடிய ஜூலைக்கும் மாலைக்கும் வகை 2 போதும். வகை 4 பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் உரியது. அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்நீல ஃபேஷன் லென்ஸ்கள் பெரும்பாலும் 1 அல்லது 2-க்குள் வரும். அழகுக்குச் சரி, உச்சி வெயிலில் கண் கூசத்தான் செய்யும்.

காரோ ஸ்கூட்டரோ ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே கறுப்பும் கீழே வெளிரும் கொண்ட லென்ஸில் டேஷ்போர்டு நன்றாகத் தெரியும். ஆனால் மும்பை கோஸ்டல் ரோடு சுரங்கத்துக்குள் நுழையும்போது சாலையைப் பார்ப்பது மேல்பாதி வழியாகத்தான், சில வினாடி கண் கட்டியதுபோல் இருக்கும். நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். சூரியன் சாய்ந்த பிறகு எந்தச் சாய லென்ஸோடும் ஓட்ட வேண்டாம்.

போலரைஸ்டு லென்ஸ் ஈரச் சாலையிலும் கடல் நீரிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வெட்டும். அதற்கு விலையும் உண்டு: சில போன் திரைகளும் கார்த் திரைகளும் ஒரு கோணத்தில் கறுத்துவிடும். கடையில் கியூஆர் ஸ்கேன் செய்யும் நேரத்தில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டி வரும். உண்மையில் போலரைஸ்டா என்று அறிய, போலரைஸ்டு என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு கண்ணாடியை முன்னால் பிடித்து 90 டிகிரி திருப்புங்கள். இரண்டும் சேரும் இடம் கிட்டத்தட்ட முழுக்கக் கறுக்க வேண்டும்.

புற ஊதாத் தடுப்பைப் பார்க்க ஒரு புற ஊதா டார்ச்சும் ரூபாய் நோட்டும் உதவும். நோட்டின் எண் வரிசை அந்த ஒளியில் மினுங்கும். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் லென்ஸை வையுங்கள், நோட்டைப் பக்கவாட்டிலிருந்து வெறுங்கண்ணால் பாருங்கள். மினுங்கல் அடங்க வேண்டும். லென்ஸ் வழியாகவே நோட்டைப் பார்த்தால் சாயமே மங்கலாக்கிக் காட்டி ஏமாற்றும். டார்ச் 365 நானோமீட்டராக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைப்பவை 395. அவற்றின் ஒளியில் ஒரு பங்கு 400-க்கு மேலே போவதால் நல்ல லென்ஸும் தோற்றதுபோல் தெரியும். டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள், கடைக் கவுண்டரில் பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள்.

5. கடையில் சோதனை: முதலில் மேசை, பிறகு முகம்

முகத்தில் போடுவதற்கு முன் கண்ணாடியைத் தலைகீழாகத் தட்டையான மேசையில் வையுங்கள். முகப்பின் மேல்விளிம்பும் இரண்டு கம்பிகளும் ஆடாமல் படிய வேண்டும். ஷோரூம் மாதிரிகள் பத்துப் பேர் தலையில் ஏறி இறங்கியவை. கோணல் இருந்தால் அதே மாடலில் புதிய உருப்படி கேளுங்கள். இதை முதலில் செய்யாவிட்டால், கண்ணாடியின் கோணலை உங்கள் முகத்தின் கோணல் என்று நினைத்துவிடுவீர்கள்.

பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ரிம்மைச் சுற்றிப் பாருங்கள். லென்ஸுக்கும் உலோகத்துக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிந்தால் லென்ஸ் சரியாக உட்காரவில்லை. அந்தச் சந்தில்தான் சன்ஸ்கிரீனும் தூசியும் போய் அடையும். கையை நீட்டி லென்ஸ் வழியே கதவு விளிம்பைப் பார்த்து மெல்ல அசையுங்கள். பவர் இல்லாத லென்ஸில் கோடு நெளியக் கூடாது.

இனி போட்டுப் பாருங்கள், இந்த வரிசையில்:

பேட் இரண்டும் மூக்கின் பக்கவாட்டில் முழுப் பரப்பும் படிகிறதா? ஒரு விளிம்பு மட்டும் அழுத்தினால் சிவப்புத் தடம் விழும்.

இமை மயிர் லென்ஸைத் தொடுகிறதா? மஸ்காரா போடுபவர்களுக்கு லென்ஸின் உள்பக்கத்தில் தினமும் கறுப்புக் கோடு விழுந்துகொண்டே இருக்கும்.

நன்றாகச் சிரியுங்கள். கன்னம் ஃப்ரேமைத் தூக்கினால் லென்ஸ் உயரம் அதிகம் அல்லது முகப்பு மிகவும் சாய்ந்திருக்கிறது.

தரையைப் பார்த்துக் குனியுங்கள். வழுக்குகிறதா?

பத்து நிமிடமாவது போட்டபடியே கடையில் சுற்றுங்கள். மாலின் ஏசியில் வியர்வை இல்லாததால் எல்லாக் கண்ணாடியும் பொருந்தியதுபோலவே இருக்கும். குனியும்போது அங்கேயே லேசாக நகரும் கண்ணாடி தாதர் ரயில் பிளாட்பாரத்தில் நிச்சயம் விழும்.

6. அட்ஜஸ்ட்மென்ட்: பேட் முதலில், காது கடைசியில்

வழுக்குகிறது என்று சொன்னால் அவசரக் கடைக்காரர் முதலில் கை வைப்பது காதுக்குப் பின்னால் உள்ள வளைவில்தான். அதை இறுக்கினால் அன்றைக்கு நிற்கும். இரண்டு நாளில் காதுக்குப் பின்னால் வலிக்கும், வழுக்கலும் திரும்ப வரும். பேடில் செய்யும் மாற்றம் கண்ணாடியின் உயரத்தையும் முகத்திலிருந்து உள்ள தூரத்தையும் மாற்றிவிடும். அதனால் அதை முடிக்காமல் மற்றதைச் சரிசெய்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

முறை இது: பேட், பிறகு முகப்பின் சாய்வு, பிறகு கம்பிகளின் அகலம், கடைசியாகக் காது வளைவு. பேடுகளை நெருக்கினால் கண்ணாடி மேலே ஏறும், விலக்கினால் கீழே இறங்கும். காது வளைவு காதின் உச்சியைத் தாண்டியவுடன் தொடங்க வேண்டும். அதற்குப் பின்னால் தள்ளித் தொடங்கினால் கண்ணாடி அந்த இடைவெளி அளவுக்கு முன்னே நழுவும்.

வலப்பக்கம் உயர்ந்து தெரிந்தால் வலக் கம்பியை மேல்நோக்கி வளைக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றலாம். காது அசையாத இடம், கம்பி மேலே ஏறினால் அதற்கேற்ப முகப்பு கீழே இறங்கும். காதுகள் ஒரே உயரத்தில் இல்லாதவர்கள் நிறைய, எனவே முகத்தில் நேராக உட்காரும் கண்ணாடி மேசையில் கொஞ்சம் ஆடினால் அது குறையல்ல.

வீட்டில் செய்யக்கூடியது பேடின் லேசான மாற்றம் மட்டும். பேடை விரலால் பிடித்து மிகச் சிறிதளவு நகர்த்துங்கள். முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அந்த மெல்லிய கம்பி களைத்து ஒடிந்துவிடும். கீல் அருகே வளைப்பதைக் கடையில் விடுங்கள். கீலை ஒரு கருவியால் பிடித்துக்கொண்டு அதற்கு அப்பால் வளைக்காவிட்டால் பாரம் முழுக்கப் பற்றவைத்த இணைப்பில் விழும். காது நுனியின் பிளாஸ்டிக் உறையைச் சூடாக்காமல் வளைத்தால் வெடிக்கும். சூடாக்கும் காற்று லென்ஸில் பட்டால் பூச்சு வலைபோல் விரிசல் விடும்.

7. பவர் போடுவதானால்

ஒரு சின்னக் கணக்கு போதும். லென்ஸ் அகலம் 58, பாலம் 14, கூட்டினால் 72. உங்கள் பி.டி. 62 என்றால் வித்தியாசம் 10, ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. லென்ஸின் மையம் உள்ளே தள்ள வேண்டும். மைனஸ் பவரில் அந்த அளவுக்கு வெளி விளிம்பு தடிக்கும். மெல்லிய மெட்டல் ரிம்மில் அந்தத் தடிப்பை மறைக்க இடமே இல்லை. மைனஸ் 4-க்கு மேல் உள்ளவர்கள் 52, 53 அளவுக்குள் நிற்பது நல்லது.

முகத்தைச் சுற்றி வளையும் ஃப்ரேம்களில் பவர் போட்டால் ஓரப் பார்வை சிதையும். மேசையில் வைத்தால் தட்டையாகத் தெரியும் மாடலையே எடுங்கள். கழற்றிய கம்பெனி லென்ஸைக் கேட்டு வாங்கி வையுங்கள், நாளைக்குப் பவர் மாறினாலும் கைமாற்றினாலும் உதவும்.

8. பிராண்டும் பில்லும்

இப்போதுதான் பெயர். டிசைனர் பெயர்களில் பெரும்பாலானவற்றைச் சில பெரிய நிறுவனங்களே செய்கின்றன. பிராடா, வெர்சாச்சே எஸ்ஸிலோர்லக்சோட்டிகாவிடமிருந்தும், குச்சி, செயின்ட் லாரன்ட், கார்ட்டியே கெரிங் ஐவேரிடமிருந்தும் வருகின்றன. ஆகவே ஒரு பெயர் முகத்துக்குப் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது என்பதில் அர்த்தமில்லை. மாடல் எண்ணும் அளவும்தான் பேசும்.

கம்பியில் மாடல் எண், நிறக் குறியீடு, அளவு, வகை எண், சிஇ என்ற ஐரோப்பியக் குறி, தயாரித்த நாடு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பெட்டி லேபிளில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ரேபான் என்றால் லென்ஸின் ஓரத்தில் மெல்லிய லேசர் எழுத்து, போலரைஸ்டில் லோகோவுக்குப் பக்கத்தில் ஒரு பி எழுத்து. இவை எல்லாவற்றையும் போலிக்காரர்களும் அச்சடிக்கிறார்கள் என்பதால் குறிகளை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இறக்குமதி என்றால் லேபிளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி இருக்க வேண்டும். பில் ஜிஎஸ்டி எண்ணோடு, மாடல் எண் எழுதியிருக்க வேண்டும். "கூலிங் கிளாஸ் 1" என்று மட்டும் எழுதிய பில்லைக் கொண்டு வாரண்டி கேட்க முடியாது.

லிங்கிங் ரோடு, கொலாபா காஸ்வே தெருக்கடைகளிலும் வாங்கலாம், தப்பில்லை. போட்டோவுக்கும் மாலை நேரத்துக்கும் என்று தெரிந்து வாங்குங்கள், மதிய வெயிலுக்கு வேண்டாம்.

9. மும்பையில் காப்பாற்றுவது

துடைப்பதற்கு முன் குழாய் நீரில் அலசுங்கள். காய்ந்த தூசியோடு துடைத்தால் அதுவே உப்புத்தாள். ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம், விரல் நுனியால் தேய்ப்பு, திரும்ப அலசல், பஞ்சுத் துணியில் ஒற்றல். அவ்வளவுதான். முந்தானையிலும் துப்பட்டாவிலும் துடைக்காதீர்கள், ஜரிகை இருந்தால் கேட்கவே வேண்டாம். கடற்கரைக்குப் போய் வந்த அன்று அலசாமல் பெட்டியில் வைக்கக் கூடாது, உப்பு ஸ்க்ரூவைப் பிடித்துவிடும்.

சன்ஸ்கிரீன், ஹேர் ஸ்பிரே, சென்ட் எல்லாம் முதலில், அவை காய்ந்த பிறகு கண்ணாடி. தலையில் ஹேர்பேண்டு மாதிரி ஏற்றி வைக்கும் பழக்கம் கம்பிகளை விரிக்கும், பேடில் முடி சிக்கினால் இழுப்பில் பேடே கழன்று வரும். கழற்றும்போது இரு கையும் வேண்டும். ஒரு கையால் இழுத்தால் ஒரு கீல் மட்டும் தளரும்.

சிலிக்கான் பேட் மஞ்சளித்தாலோ கெட்டிப்பட்டாலோ மாற்றிவிடுங்கள். ஸ்க்ரூ வகையா, அழுத்திச் செருகும் வகையா என்று பார்த்துச் சொன்னால் பக்கத்துக் கண்ணாடிக் கடையிலேயே கிடைக்கும். பேடின் அடியில் பச்சை படிந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பழைய பல் துலக்கியும் போதும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்கு, பூச்சு போட்ட ஃப்ரேமுக்கு அல்ல. பச்சையை எடுத்த பிறகு அடியில் குழியோ உரிந்த பூச்சோ தெரிந்தால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தக் கண்ணாடியை அதோடு விட்டுவிடலாம்.

கம்பி தானாக மடியத் தொடங்கினால் ஸ்க்ரூவை இறுக்கி, தலையில் நிறமற்ற நெயில் பாலிஷ் ஒரு துளி வையுங்கள், அதிர்வில் கழலாது. ஸ்பிரிங் வைத்த கீல் என்றால் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறித்துக் காணாமல் போகும். மழைக்காலத்தில் தோல் பெட்டியில் பூஞ்சை பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே போடுங்கள். நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டுப் போனால் லென்ஸ் பூச்சு வெந்துபோகும்.

இணைப்பு விட்டுப்போனால் எந்த உலோகம் என்று சொல்லியே கடையில் கொடுங்கள். மோனலைச் சாதாரணமாகப் பற்றவைக்கலாம், சுற்றியுள்ள பூச்சு கருகும், திரும்பப் பூச வேண்டும். டைட்டேனியத்தைக் காற்றுப் படாமல் இணைக்க வேண்டும், பெரும்பாலும் லேசரில் செய்வார்கள், தெருமுனைக் கடையில் முடியாது. எதுவானாலும் லென்ஸைக் கழற்றிய பிறகே சூடு வைக்கச் சொல்லுங்கள்.